வீ எதிர் வூ

1

ஒரு வாலை எடுத்துத் தலையில் வைத்தேன். இந்தக் கதையின் பிறப்பு அதுதான். ஒளிக்க ஒன்றுமில்லை, கோர்ட்டுக் காகிதங்களிலேயே இருக்கிறது.

'வூ' என்ற எழுத்தைப் பாருங்கள். கீழே ஒரு வால் தொங்குகிறது. 'வீ'க்கு வால் கிடையாது, தலையில் ஒரு கொண்டை. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் எனக்கு ஒரு சின்ன டிடிபி கடை உண்டு. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பாக்கெட் லேபிள் எல்லாம் செய்வேன். போன வைகாசியில் ஒரு மத்தியானம் பாப்பாரப்பட்டியிலிருந்து ரங்கம்மாள் அக்கா வந்தார். கொள்ளுப்பொடி அரைத்துச் சந்தையில் விற்கிறவர். பத்து வருடமாகப் பெயரில்லாமல் விற்ற பொடிக்கு முதல்முறையாகப் பெயர் வைத்து லேபிள் போட வந்திருந்தார். கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மையில் பெயரை எழுதி, நாலாக மடித்து, பர்ஸுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். பெயருக்கு இரண்டு சொல். முதல் சொல் 'வூட்டு'.

நான் அதை 'வீட்டு' என்று அடித்தேன்.

அவரைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கண்ணீர் அஞ்சலிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் 'ஆள்ந்த இரங்கல்' என்றுதான் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டா திருத்துகிறேன்? போதாததற்கு நான் கதை எழுதுகிறவன். ஒரு தொகுப்பு வந்திருக்கிறது, முக்கால்வாசிப் பிரதிகள் என் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கின்றன. அப்படிப்பட்டவன் கண்ணெதிரே ஒரு 'வூ' பாக்கெட்டில் ஏறி ஊர் சுற்றுவதா? கூடவே, மூலையில் இடம் காலியாக இருக்கிறதே என்று, கடையில் கிடந்த படத் தொகுப்பு சிடியிலிருந்து ஓட்டு வீடு ஒன்றை எடுத்து வைத்தேன். அந்த வீட்டின் கூரைமேல் ஒரு புகைபோக்கி. எங்கள் மாவட்டத்தில் செங்கல் சூளைக்கும் ரைஸ் மில்லுக்கும்தான் புகைபோக்கி உண்டு என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நாலு மாதம் கழித்து அரூரிலிருந்து வழக்கு வந்தது. அங்கே ஒரு மசாலாக் கம்பெனி, அதே இரண்டு சொல்லை, 'வீ' போட்டு, பதினோரு வருடம் முன்பே வணிகச் சின்னமாகப் பதிவு செய்து வைத்திருந்தது. அவர்கள் லேபிளிலும் ஓர் ஓட்டு வீடு. அதற்கும் புகைபோக்கி.

முதல் பிரதிவாதி ரங்கம்மாள். இரண்டாம் பிரதிவாதி, லேபிள் அச்சிட்டவர் என்ற முறையில், உங்கள் முன் கைகட்டி நிற்கும் இந்த ஆசிரியர்.

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக முயன்றேன். மூன்றும் கீழே கிடக்கின்றன. பெருக்கித் தள்ள மனம் வரவில்லை.

"நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தில் ஒரு காக்கை..."

எல்லாக் கோர்ட்டுக் கதையிலும் இந்தக் காக்கை வந்து உட்காருகிறது. பாவம், அதற்கும் வயதாகியிருக்கும். விட்டுவிட்டேன்.

"பதிவு பெற்ற வணிகச் சின்னத்தை இன்னொருவர் அனுமதியின்றிப் பயன்படுத்தினால், உரிமையாளர் நட்டஈடு கேட்கலாம். ஆனால் நட்டஈடு என்பது நடந்து முடிந்ததற்கு. இனிமேல் நடக்காமல் தடுக்க அவர் கேட்க வேண்டியது..."

இது கட்டுரை. ஆனால் அடுத்து வரவேண்டிய சொல் நல்ல சொல். அதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறேன், மூன்றாம் பகுதியில் தேவைப்படும்.

"ரங்கம்மாளின் கண்களில் நீர் திரண்டது."

பச்சைப் பொய். கோர்ட் நியமித்த ஆணையர், அவரும் ஒரு வக்கீல்தான், சரக்கைச் சீல் வைக்க வாசலில் வந்து நின்றபோது ரங்கம்மாள் அக்கா சொன்ன முதல் வாக்கியம் இது: "செருப்ப வெளியில வுட்டுட்டு வாங்க சார், பொடி சலிக்கற எடம்." அன்று அழுதிருக்க வேண்டியவர் இரண்டாம் பிரதிவாதி. அவரும் அழவில்லை. கடையில் உட்கார்ந்து, தனக்கு வந்த உத்தரவு நகலில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தார். (இரண்டு இருந்தன.)

3

அந்த நல்ல சொல்: உறுத்துக்கட்டளை.

பேச்சில் இஞ்சங்ஷன் என்பார்கள். பேப்பரில் இடைக்காலத் தடை என்று போடுவார்கள். கோர்ட்டுத் தமிழில் அதற்குப் பெயர் உறுத்துக்கட்டளை. இந்தப் பெயரை வைத்தவர் யாரென்று தெரியவில்லை, தெரிந்தால் ஒரு பிரதி இலவசமாக அனுப்புவேன். செருப்புக்குள் புகுந்த கல் உறுத்தும். கண்ணில் விழுந்த உமி உறுத்தும். செய்த காரியம் உறுத்தும். கோர்ட்டும் அதே வேலையைச் செய்கிறது, ஆனால் முத்திரை வைத்து.

எங்கள் மேல் வந்தது எதிர்த்தரப்பைக் கேட்காமலே, அவசரம் கருதிக் கொடுக்கப்படும் வகை. மறு உத்தரவு வரும்வரை ஒன்று, இரண்டு பிரதிவாதிகளும், அவர்தம் ஆட்களும், அந்தப் பெயரையோ, அதை ஒத்த, வாங்குகிறவரைக் குழப்பக்கூடிய வேறெந்தப் பெயரையோ அச்சிடவோ, விற்கவோ, விளம்பரம் செய்யவோ கூடாது.

அச்சிடவோ. இரண்டாம் பிரதிவாதியோ.

இப்போது புரிகிறதா என் சங்கடம்? கதையின் நடுநாயகமான பெயரை அச்சிட எனக்குத் தடை இருக்கிறது. எங்கள் வக்கீல் தமிழ்மணியிடம் போய் நின்றேன். நல்ல மனிதர், கெட்டிக்காரர். நேராகப் பதில் சொல்லும் வழக்கம் மட்டும் இல்லை.

"சார், கதைல அந்தப் பேர எழுதலாமா?"

"எழுதலாம்."

"அப்ப எழுதிடறேன் சார்."

"எழுதாமயும் இருக்கலாம்."

"எது சார் நல்லது?"

"எதுக்கு எழுதறீங்கன்னு இருக்குல்ல. சரக்கு விக்கறதுக்கா, சும்மாவா?"

"என் கதை எப்பவும் சும்மாதான் சார்."

"அப்ப பிரச்சன வராது. வந்தா பாத்துக்கலாம்."

வந்தால் பார்க்கப் போவது யார் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். முதல் சொல்லை எழுதுவேன், வீட்டைத் தனக்கு மட்டும் என்று யாரும் பதிவு செய்துவிட முடியாது. இரண்டாவது சொல் இருக்க வேண்டிய இடத்தில் [ ] என்று அடைப்புக்குறி போடுவேன். அதற்குள் இருப்பது நாக்கு சம்பந்தப்பட்ட ஓர் இரண்டெழுத்துச் சொல். நீங்கள் மனதுக்குள் நிரப்பிக்கொண்டால் அது உங்கள் பொறுப்பு. நான் அச்சிடவில்லை.

ஆக, அரூர்க் கம்பெனியின் பெயர் 'வீட்டு [ ]'. ரங்கம்மாள் அக்கா எழுதிக் கொடுத்தது 'வூட்டு [ ]'. நான் அச்சடித்தது... சரி, அது உங்களுக்கே தெரியும்.

4

சீல் வைத்த மறுநாள் பாப்பாரப்பட்டிக்கு பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கத்தான். வழியெல்லாம் வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன், இறங்கும்போது நாலு வரைவு கைவசம் இருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு பாக்கெட். தூக்கிப்போக வண்டி இல்லாததால் ஆணையர் எல்லாவற்றையும் பின்னறையில் அடுக்கி, கதவைப் பூட்டி, துணி சுற்றி அரக்கு வைத்துவிட்டு, "பத்திரமாப் பாத்துக்கோங்கம்மா" என்று ரங்கம்மாள் அக்காவிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருந்தார். தன் சரக்குக்குத் தானே காவல். வீடு என்ற சொல்லால் வந்த வழக்கில், வீட்டில் ஓர் அறைக்குள் வீட்டுக்காரர் போக முடியாது. (இந்த வாக்கியத்தை நான் யோசித்து எழுதவில்லை. நடந்ததே அப்படித்தான்.)

கொள்ளு வறுக்கிற பெரிய இரும்பு வாணலியும் உள்ளே மாட்டிக்கொண்டது. பட்டியலில் அது இல்லை, ஆனால் அறையில் இருந்தது.*

*வாணலியை விடுவிக்கத் தனியாக ஒரு மனுப் போட்டோம். 'மேற்படி வாணலி எந்த வணிகச் சின்னத்தையும் மீறவில்லை' என்று தமிழ்மணி எழுதியிருந்தார். அவர் எழுதியதிலேயே நேரான வாக்கியம் அதுதான். மூன்று வாரத்தில் வாணலி வெளியே வந்தது.

"வாங்க தம்பி" என்றார் ரங்கம்மாள் அக்கா. அவருக்கு ஐம்பதை ஒட்டி வயது. என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர். "பாருங்க, எப்பிடிப் பூட்டியிருக்காங்கன்னு. மெழுகு ஊத்துனாப்புல."

"அக்கா, நாந்தான்..." முதல் வரைவு பாதியில் நின்றது. "நீங்க 'வூட்டு'ன்னுதான் எழுதியிருந்தீங்க. நாந்தான் மாத்திட்டேன்."

"அதான் தெரியுமே."

"தெரியுமா? லேபிள வாங்கிட்டுப் போனப்பவே பாத்தீங்களா?"

"பாக்காம ஒட்டுவனா?"

"அப்ப ஏங்க்கா அன்னிக்கே சொல்லல?"

"டீ குடிக்கறீங்களா, காப்பியா?"

டீ குடித்தேன். பூட்டிய அறையிலிருந்து வறுத்த கொள்ளும் பூண்டும் மிளகாயும் சேர்ந்த வாசம் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. அவரும் மூக்கை அந்தப் பக்கம் திருப்பினார்.

"இப்ப இவ்ளோ வருது. ரெண்டு மாசம் போனா பாதி. பொங்கலுக்கு அப்பறம் அது பொடி இல்ல தம்பி, வெறும் மாவு."

"அதுவரைக்கும் வேற பேர் வச்சு வித்தா என்னங்க்கா? கடைக்காரங்களே கேக்கறாங்க. நான் இலவசமா லேபிள் போட்டுத் தர்றேன்."

"ஒரு தடவ போட்டுக் குடுத்தீங்களே, போதும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார்: "சந்தைல ஒரு சிட்டிகை கைல போட்டுக் குடுப்பேன். நக்கிப் பாத்துட்டு, 'இது எந்தக் கம்பெனிம்மா?'ம்பாங்க. 'கம்பெனி இல்லைங்க, எங்க வூட்டுதுதாங்க'ம்பேன். பத்து வருசமா நான் சொல்ற பதிலு அது. அதத்தான் பேரா வச்சேன். வேற பேர் வச்சா, வேற யாரோ பதில் சொல்றாப்பல இருக்கும்."

இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது இதுதான். பாக்கெட்டுகள் அல்ல. ஒரு பெண் தான் சொல்லிவந்த பதிலைத் தொடர்ந்து சொல்லலாமா, கூடாதா. அதைக் கோர்ட் முடிவு செய்ய வேண்டும், பொடியில் வாசம் இருக்கும்போதே.

5

(இந்தப் பகுதியில் வாய்தாக்களைப் பற்றி ஒரு நகைச்சுவை இருந்தது. தமிழ்மணி படித்துவிட்டு, "இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்" என்றார். இல்லாமல் இருக்கட்டும்.)

6

அரூர்க் கம்பெனி முதலாளி ராஜாமணியை முதல் வரைவில் நான் வில்லனாகத்தான் எழுதியிருந்தேன். "விரலுக்கொரு மோதிரமும் விலாவரை வழியும் சங்கிலியுமாக" என்று வாக்கியமே தயார். ஆளை நேரில் பார்த்தபோது ஒற்றை மோதிரம்கூட இல்லை. கடுமையான ஜலதோஷம் இருந்தது. கையில் ஒரு கைக்குட்டை, பையில் இன்னொன்று. கோர்ட் வாசல் டீக்கடையில் அவராகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"லேபிள் அடிச்சது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"அந்தப் புகைபோக்கிய எதுக்குங்க வச்சீங்க?"

"நீங்க எதுக்குங்க வச்சீங்க?"

"சேலத்துல ஒருத்தர் அடிச்சுக் குடுத்தார். ஏதோ சிடில இருந்து எடுத்தார். வூடு லட்சணமா இருந்துச்சு, சரின்னுட்டேன்."

"என்கிட்டயும் அதே சிடிதாங்க."

இருவரும் டீயை ஊதிக் குடித்தோம். எந்த ஊரிலோ யாரோ வரைந்த வீடு. அதில் யாரும் குடியிருந்ததில்லை. அதற்காகத் தருமபுரியில் இரண்டு பேர் கோர்ட்டுக்கு வந்திருக்கிறோம்.

"உங்களுக்கு இதுல என்னங்க நட்டம்?" என்று கேட்டேன். வில்லன் வரைவுக்கு இன்னும் நம்பிக்கை வைத்திருந்தேன்.

ராஜாமணி மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார்: "அந்தம்மாவோட பாக்கெட்ட அரூர்க் கடைல சனங்க வாங்கித் தின்னுருக்காங்க. அடுத்த வாரம் என் பாக்கெட்ட வாங்கியிருக்காங்க. எனக்குப் போன் மேல போன். 'என்னாங்க ராஜாமணி, போன தடவ அப்பிடி இருந்துச்சு, இந்தத் தடவ ஏமாத்திட்டீங்களே'ன்னு. பதினோரு வருசத்துல என் பொடிய நல்லால்லன்னு ஒருத்தர் சொன்னதில்லீங்க. இப்ப என் சரக்கே எனக்குப் போலி மாதிரி ஆயிப்போச்சு."

வில்லன் அந்த இடத்தில் செத்துப்போனான். இந்த மனிதருக்கு உறுத்துகிறது, எனக்குத் தெரிந்துபோயிற்று.

"சரிங்க, 'வீட்டு'வ எடுத்துட்டு, அவங்க எழுதுன மாதிரியே 'வூட்டு'ன்னு போட்டுக்கட்டுமே. ஒத்துக்குவீங்களா?"

"அரூர்ல என் பாக்கெட்ட எப்பிடிக் கேட்டு வாங்கறாங்கன்னு நெனைக்கறீங்க? 'வூட்டு [ ] ஒண்ணு குடுங்க'ன்னுதான். பேப்பர்லதாங்க 'வீ'. வாய்ல எல்லாம் 'வூ'தான். நானே அப்பிடித்தான் சொல்றேன்."

உண்மை. யோசித்துப் பார்த்தால், பகல் முழுக்க 'வூ'வைத் திருத்திவிட்டு, கடையைச் சாத்தியதும் நானும் வூட்டுக்குத்தான் போகிறேன்.

"நான் மட்டும் திருத்தாம இருந்திருந்தா, கேஸ் போட்டிருப்பீங்களாங்க? நேராச் சொல்லுங்க."

ராஜாமணி என் முகத்தைப் பார்த்தார். "போண்டா சூடா இருக்குது, சாப்புடுங்க" என்றார்.

7

இங்கே வாசகரை ஒரு சோதனைக்கு அழைக்கிறேன். சட்டத்தின் விருப்பம் அது.

இரண்டு சின்னங்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும்போது, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாதாம். கடைக்கு வரும் சாதாரண ஆள், சாதாரண ஞாபகசக்தி உள்ளவர், போன வாரம் வாங்கியதை அரைகுறையாக நினைவு வைத்துக்கொண்டு கையை நீட்டுவார் அல்லவா, அவர் குழம்புவாரா என்றுதான் பார்க்க வேண்டும். தமிழ்மணி இதை எனக்கு விளக்கியபோது, உலகத்திலேயே என் கதைகளுக்கு ஏற்ற வாசகர் இவர்தான் என்று தோன்றியது.

ஆகவே, மேலே புரட்டாமல் சொல்லுங்கள்: முதல் பகுதியில் வந்த வீட்டுப் படத்தில் புகைபோக்கி இருந்தது கூரையின் இடப்பக்கமா, வலப்பக்கமா?

நான் சொல்லவேயில்லை. ஆனால் உங்களில் சிலருக்கு அது ஏதோ ஒரு பக்கம் தெரிந்திருக்கும். அதுதான் ராஜாமணியின் வழக்கு.

எங்கள் பக்கம் ஒரே ஒரு ஆயுதம் இருந்தது: அந்த நோட்டுத் தாள். வேலை முடிந்த காகிதங்களைக் குத்தி வைக்கும் கம்பி ஒன்று கடையில் உண்டு. அதில் நூறு கண்ணீர் அஞ்சலிகளுக்கு அடியில், நடுவில் ஓட்டையோடு அது இருந்தது. ஓட்டை 'ட்' மேல் விழுந்திருந்தது, 'வூ'வின் வாலுக்குச் சேதமில்லை. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தமிழ்மணி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல ஆவணம். அந்தம்மா காப்பியடிக்கலன்னு காட்டும்."

"அப்ப ஜெயிச்சிடுவோமா சார்?"

"ஆனா இதக் காட்டுனா, 'வூட்டு'வும் காதுக்கு அதே மாதிரிதான கேக்குது, அதுக்கும் சேத்துத் தடை குடுங்கன்னு அவங்க கேப்பாங்க. கெடைச்சுட்டா, அந்தம்மாவுக்கு அந்தச் சொல்லே இல்லாமப் போயிடும்."

"அப்ப காட்ட வேணாமா?"

"காட்டாம என்னத்த வாதாடறது?"

அவர் பேசப்பேச என் கையில் இருந்த தாள் கனத்துக்கொண்டே போனது. ("தாள் கனத்தது" என்று நான் எழுதுவது இது மூன்றாவது கதை. அடித்துவிடலாம். நிஜமாகவே கனத்தது என்பதால் விட்டுவைக்கிறேன்.) கடைசியில் ரங்கம்மாள் அக்காவிடமே போன் போட்டுக் கேட்டோம். "நான் எழுதுனதுதான? காட்டுங்க" என்றார்.

8

மார்கழி பாதியில் விசாரணை வந்தது. அதற்குள் கதவிடுக்கில் மூக்கை வைத்தால்தான் வாசம் தெரிகிறது என்று ரங்கம்மாள் அக்கா சொல்லியிருந்தார்.

இடைக்கால உறுத்துக்கட்டளைக்குக் கோர்ட் மூன்று விஷயம் பார்க்கும். வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா. தடை கொடுத்தால், கொடுக்காவிட்டால், யாருக்குச் சங்கடம் அதிகம். பின்னால் எதைக் கொடுத்தாலும் ஈடுகட்ட முடியாத நட்டம் யாருக்கு. முதலாவதில் அரூர்த் தரப்பு பதிவுச் சான்றிதழை நீட்டியது, இரண்டு புகைபோக்கிகளையும் நீட்டியது. எதிர்க்க எங்களிடம் ஒன்றுமில்லை. மூன்றாவதற்கு வந்தபோது தமிழ்மணி அந்த இடத்தில் என்னை ஆச்சரியப்படுத்தினார்.

"நட்டத்துக்குப் பணம் கொடுக்கலாங்கய்யா. போன வாசத்தைத் திருப்பிக் கொடுக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது" என்றார். ஒரு 'ஆனால்' கூடப் போடவில்லை.

பிறகு நோட்டுத் தாளை நீட்டினார். "இது என் கட்சிக்காரர் கைப்பட எழுதியது. 'வீட்டு' என்று திருத்தியது அச்சகத்தார்." எல்லோரும் திரும்பி அச்சகத்தாரைப் பார்த்தார்கள். அச்சகத்தார் மின்விசிறியைப் பார்த்தார். "'வூட்டு' என்பது வாதியின் சின்னத்தைப் பார்த்து எழுதிய நகல் அல்ல. என் கட்சிக்காரர் பிறந்ததிலிருந்து பேசும் சொல். பேசுகிற சொல்லையே பெயராக வைத்தார். தான் பேசுகிற சொல்லைத் தன் சரக்குக்கு வைக்க ஒருவருக்கு உரிமை உண்டா இல்லையா என்பதே கேள்வி."

நீதிபதி தாளைப் பார்த்தார். பிறகு ரங்கம்மாள் அக்காவைப் பார்த்தார். சாட்சிக் கூண்டுக்கெல்லாம் கூப்பிடவில்லை, இருந்த இடத்திலேயே, சாதாரணமாகக் கேட்டார்.

"ஏம்மா, நீங்க குடியிருக்கறத என்னன்னு சொல்லுவீங்க?"

ரங்கம்மாள் அக்கா எழுந்து நின்றார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். பிறகு, ஒன்றாம் வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி, எழுத்தெழுத்தாகச் சொன்னார்:

"வீடுங்கய்யா."

தமிழ்மணி கையிலிருந்த பேனாவை மூடினார். பின் வரிசையில் ஒருவர் "ச்சு" கொட்டினார். திரும்பிப் பார்த்தேன். வாதி ராஜாமணி.

உத்தரவு தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

9

ஆக, முடிவு இன்னும் வரவில்லை. நானாக ஒன்று வைக்கலாம். முயன்றேன்.

(அ) தடை நீங்குகிறது. ஆணையர் வந்து அரக்கை உடைக்கிறார். ரங்கம்மாள் அக்கா ஒரு பாக்கெட்டைக் கிழித்து முகர்ந்து பார்க்கிறார். எல்லாவற்றையும் மாட்டுக்குத் தவிட்டோடு கலந்து... இல்லை, வேண்டாம். ஜெயித்தவரை இப்படி நடத்தக் கூடாது.

(ஆ) தடை உறுதியாகிறது. அவர் மறுபடி பெயரில்லாத பாக்கெட்டோடு சந்தைக்குப் போகிறார். ஒருவர் நக்கிப் பார்த்துவிட்டு "எந்தக் கம்பெனிம்மா?" என்று கேட்கிறார். அவர் பழைய பதிலைச் சொல்கிறார். வாயால் சொன்னால் அது விளம்பரமா? தமிழ்மணியிடம் கேட்டேன். நீங்கள் எதிர்பார்த்த பதிலையே சொன்னார்.

(இ) சமரசம். இது என் கற்பனை அல்ல, ராஜாமணியே சொல்லியனுப்பியது. "கேஸ வாபஸ் வாங்கிக்கறேன். அந்தம்மா எனக்கே அரைச்சுக் குடுக்கட்டும். என் பேர்ல போவட்டும், ரெண்டு பேருக்கும் நல்லது." நானும் நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். ரங்கம்மாள் அக்காவிடம் சொன்னேன். "அப்பறம் அது அவுரு வூட்டுதாயிடுமே" என்றார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

மூன்றும் எனக்குச் சரிவரவில்லை. உங்களுக்கு எது சரியோ அதை எழுதிக்கொள்ளுங்கள். அடைப்புக்குறியையும் நீங்களே நிரப்பினீர்கள், இதையும் செய்யுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் திருத்த மாட்டேன். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

10

ஒன்று பாக்கி இருக்கிறது. விசாரணை அன்று கோர்ட்டிலிருந்து இறங்கி, பாப்பாரப்பட்டி பஸ்ஸுக்காக இருவரும் நின்றோம். நல்ல வெயில். ரங்கம்மாள் அக்கா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டார்.

"நேரத்தோட வூட்டுக்குப் போவணும் தம்பி. மாட்டுக்குத் தண்ணி காட்டாம வந்துட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. "அக்கா, இப்ப என்ன சொன்னீங்க?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டல."

"அதுக்கு முன்னால. வூட்டுக்குப் போவணும்னீங்க."

"ஆமா. வூட்டுக்குத்தான போவணும்."

"உள்ள அவ்ளோ பேரு அந்த ஒரு சொல்லுக்காகக் காத்துக்கிட்டு இருந்தோம். ஏங்க்கா 'வீடு'ன்னு சொன்னீங்க?"

"பஸ் வருது பாருங்க."

"வரட்டும். டீ, காப்பி, பஸ்ஸுன்னு பேச்ச மாத்தாதீங்க. அன்னிக்கும் இப்பிடித்தான். லேபிள்ல எழுத்து மாறியிருக்கறதப் பாத்தீங்க, ஏன் சொல்லலன்னு கேட்டதுக்கு இதுவரைக்கும் பதில் இல்ல. யாருமே எனக்கு நேராப் பதில் சொல்ல மாட்டேங்கறீங்க."

பஸ் வந்து நின்றது. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்து, ஒரு காலைப் படியில் வைத்தார். பிறகு திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இந்தக் கதையை எழுதாமலே விட்டிருப்பேன்.

"அது பெரிய எடம் தம்பி. அங்க போயித் தப்பாப் பேசக் கூடாதுல்ல."

"வூடுங்கறது தப்புன்னு யாருங்க்கா சொன்னது?"

"நீங்கதான தம்பி திருத்துனீங்க."